சோறு நிறைஞ்சிட்டு

எங்கள் குடும்பத்தில் காசு இருக்கிறது. அதை மறைத்துக் கதைக்க எனக்குத் தெரியாது. கல்முனைப் பக்கத்தில் போடியார், பெரிய வயல்காரர், என்றால் என் வாப்பாவைத்தான் நினைப்பார்கள். சாகாமத்தில் கண் எட்டுகிற மட்டும் வயல், அதற்குப் பிறகு நெல் ஆலை, அதற்கும் பிறகு கடைகள். வாப்பாவுக்கு ஆண் பிள்ளை இல்லை. ராத்தாவும் நானும் இரண்டு பேர்தான். வாப்பா உயிரோடு இருக்கும்போதே வயலுக்குள் இறங்கி, நடு வரம்பில் நின்று, இந்தப் பக்கம் மூத்தவளுக்கு, அந்தப் பக்கம் இளையவளுக்கு என்று பிரித்துத் தந்தார். ஒரு பிடி மண் கூடவுமில்லை, குறையவுமில்லை.

நான் படித்தது நாலாம் வகுப்பு மட்டும். எழுத்து எனக்கு மெல்லத்தான் வரும். மெல்ல வரட்டும். வாழ்க்கையில் எதற்கும் ஓடிப் பழகாதவள் நான்.

எனக்கு நல்ல பொருள் பிடிக்கும். சின்ன வயதிலேயே அப்படித்தான். பெருநாளுக்கு வாப்பா இரண்டு பேருக்கும் ஒரே துணியில் சட்டை தைத்துத் தந்தால், நான் சரிகை வைத்துத் தா என்று நிலத்தில் உருண்டு அழுவேன். ராத்தா தன்னுடையதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போட்டுவிட்டுப் பழைய சட்டையோடு வந்து நிற்பார். உம்மா இரண்டு பேருக்கும் அடிப்பார். எனக்கு விழுந்தது பேராசைக்கு, ராத்தாவுக்கு விழுந்தது திமிருக்கு. உம்மா ஆளை அறிந்துதான் அடித்தார்.

பெரியவர்கள் ஆன பிறகும் அது மாறவில்லை. என் கடைசி மகளுக்கு நான் கட்டிய வீடு மூன்று மாடி. உள்ளே லிஃப்ட். தரைக்குப் போட்ட கல் கப்பலில் வந்தது. குளிக்கிற அறையில் வெளிநாட்டுத் தொட்டி ஒன்று, பால் போல வெள்ளை. குடிபுகுந்த நாளில் ராத்தா ஒவ்வொரு அறையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். தொட்டிக்குப் பக்கத்தில் நின்று குனிந்து பார்த்தார்.

“இது என்ன புள்ள, மாட்டுக்குத் தண்ணி வைக்கிறதா?”

“படுத்துக் குளிக்கிற தொட்டி ராத்தா.”

“படுத்தா? படுக்க வச்சிக் குளிப்பாட்டுறது மையித்தத்தானே?”

“நல்ல நாளில வாயக் கழுவுங்க.”

“கழுவத்தான் இவ்வளவு பெரிய தொட்டி இரிக்கே” என்று சொல்லிவிட்டு ராத்தா அடுத்த அறைக்குப் போனார்.

ராத்தா இருக்கிறது மச்சான் காலத்து ஓட்டு வீடு. இரண்டு அறை, ஒரு குசினி. மச்சான், ராத்தாவின் புருசன், மௌத்தாகிப் பல வருடம். பிள்ளைகள் இல்லை. உடுக்க ஆறு சாரி இருக்கும், ஆறும் வொயில். சோறு தின்கிறது பாயில் குந்தி. வெளியே போவதென்றால் ஓட்டோ. பிள்ளை இல்லாதவர்கள் யாருக்குச் சேர்க்கிறது, அதனால்தான் அப்படி என்று ஊரில் சொல்வார்கள். அது சரியில்லை. பிள்ளை வருமா வராதா என்று தெரியாத வயதிலேயே ராத்தா அப்படித்தான் இருந்தார்.

ராத்தாவின் காசு போகிற இடம் எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு இருந்தால்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குத்தான் வருவான். வாப்பா இல்லாத பிள்ளை, கடல் எழும்பி வந்தபோது எல்லாவற்றையும் பறிகொடுத்த குடும்பத்துப் பிள்ளை, இப்படி வீடில்லாமல் குமர் காத்துக் கிடக்கிற பிள்ளைகளுக்கு ராத்தா வீடு கட்டிக் கொடுப்பார். இரண்டு அறை, ஒரு குசினி, ஒரு கிணறு. தன் வீட்டை விடப் பெரிதாகவும் இல்லை, சிறிதாகவும் இல்லை. எந்த வீட்டிலும் யார் கட்டியது என்று ஒரு பலகை கிடையாது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், சீமெந்து எங்கள் கடையில் எடுப்பார். அதையும் விலை குறைக்கச் சொல்லிச் சண்டை பிடித்துத்தான் எடுப்பார்.

ராத்தாவை வானத்து மலக்கு என்று நினைத்துவிட வேண்டாம். அந்த எளிமையிலும் ஒரு பெருமை இருக்கிறது. என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் வேண்டுமென்றே இருப்பதில் பழைய சாரியை உடுத்திக்கொண்டு வருவார். நான் முகத்துக்கு நேரே சொல்லியும் இருக்கிறேன்.

“ஒங்கட கிழிஞ்ச முந்தானையில இரிக்கிற பெருமை என்ட சரிகையில இல்ல ராத்தா.”

“ஓம், பாத்துக்க. கிழிசல் விலை கூட” என்பார், சிரித்துக்கொண்டே.

இந்த வித்தியாசம் இரண்டு பேருக்கும் இடையில் பகிடியாகத்தான் கிடந்தது, என் கடைசி மகளின் கலியாணம் வரும் வரைக்கும்.

மாப்பிள்ளையின் குடும்பம் எங்கள் ஊர்தான். கொழும்பில் வியாபாரம் செய்து அங்கேயே வேர் பிடித்தவர்கள். சம்பந்தி அம்மா ஒரு வார்த்தை இப்படி வேண்டும் என்று கேட்கவில்லை. நான்தான் எல்லாவற்றையும் கூட்டிச் செய்தேன். குளிர்காற்று போடுகிற மண்டபம், கொழும்பில் இருந்து பூ, கொழும்பில் இருந்து பெரிய ஹோட்டல்காரரின் சமையல். எங்கள் ஊர் முறைப்படி சோற்றைச் சஹன் என்கிற பெரிய தட்டில் போட்டு, ஆறு பேர் சுற்றிக் குந்தித் தின்கிற வேலையே வேண்டாம் என்றேன். மேசை, கதிரை, ஆளுக்கொரு சோற்றுக் கோப்பை, அவரவர் போய் எடுத்துத் தின்கிற முறை. “இப்ப எல்லாரும் அப்பிடித்தான் செய்றாங்க” என்று மகள் சொன்னாள். எனக்கும் ஆசையாக இருந்தது. அதை மகள் மேல் போட மாட்டேன்.

அழைப்பிதழ் வெல்வெட் பெட்டிக்குள் வந்தது. உள்ளே ஒரு சின்ன அத்தர்ப் போத்தல். கீழே பொன் எழுத்தில் “இருவர்” என்று அச்சடித்திருந்தது. ஹோட்டல்காரர் தலை எண்ணித்தான் சமைப்பார்களாம், அதனால் அப்படிப் போட வேண்டுமாம்.

சொந்த பந்தத்துக்குச் சொல்லி முடித்துவிட்டு, வயல் குடும்பங்களுக்குச் சொல்ல நானும் ராத்தாவும் போனோம். முதல் வீடு வட்டவிதானையாருடையது. வயலையும் தண்ணீரையும் ஆட்களையும் பார்க்கிறவரை எங்கள் பக்கத்தில் வட்டவிதானை என்போம், வாயில் வட்டானை என்று வரும். அவர் மௌத்தாகிவிட்டார். அவருடைய பெண்சாதி இருக்கிறாள், என் வயதுதான். எங்கள் வயலில் நெல் வெட்டு நடந்த காலமெல்லாம் அத்தனை பேருக்கும் சோறு ஆக்கிப் போட்டவள் அவள். பெட்டியை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

“நகைப் பெட்டியாக்கும் எண்டு பாத்தன். என்ன எழுதிரிக்கி இதுக்குள்ள?”

இரண்டு பேர் என்று எழுதியிருக்கிறது. அதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். என் வாய் சொன்னது வேறு.

“ஊட்டோட வாங்க. அண்டைக்கு அடுப்பு மூட்டிராதீங்க.”

எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்குச் சொல்கிறது இப்படித்தான். அடுப்பு மூட்ட வேண்டாம் என்றால், உங்கள் வீட்டில் உள்ள அத்தனை வயிறும் அன்று என் பொறுப்பு என்று அர்த்தம். உம்மா அப்படித்தான் சொன்னார், உம்மாவின் உம்மாவும் அப்படித்தான் சொன்னார். ஒரு வாசலில் நின்றுகொண்டு வேறு மாதிரிச் சொல்ல என் நாக்குக்குப் பழக்கமில்லை. அடுத்த வீட்டிலும் அதே வார்த்தைதான் வந்தது. அதற்கு அடுத்த வீட்டிலும் அதுதான். கை பெட்டியைக் கொடுத்தது, வாய் வீட்டை அழைத்தது. அப்படி நாற்பது வீடு.

திரும்பி வரும்போது காருக்குள் ராத்தா சிரித்தார்.

“கைக்கு ரெண்டு, வாய்க்கு ஏழு. கொழும்பான் எதப் பாத்து ஆக்கப் போறான்?”

“ஒரு வாசல்ல நிண்டு ரெண்டு பேர் மட்டும் வாங்க எண்டு என்ட வாயால செல்ல ஏலாது ராத்தா.”

“அப்ப அத ஏன் அச்சடிச்சாய்?”

ஹோட்டல்காரனிடம் ஆள் கூடும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போடியார் வீட்டுச் சோறு எப்போதாவது போதாமல் போயிருக்கிறதா? அந்த நினைப்புத்தான். அந்த நினைப்பில் எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை, ஆனால் பிழை என்னுடையது.

கலியாணம் பகலில். நிக்காஹ் முடிந்து, பெண்கள் பக்கத்தில் சாப்பாடு திறந்தார்கள். நீளத்துக்கு வெள்ளித் தட்டங்கள், ஒவ்வொன்றின் கீழும் சின்ன நெருப்பு, பக்கத்தில் வெள்ளை உடுப்புப் போட்டவர்கள். நான் மணமகளின் உம்மா, மேடைக்குப் பக்கத்தில் நின்றேன். உடம்பில் கிடந்த நகையின் பாரத்தில் கழுத்துக் கடுத்தது. சந்தோசமாகத்தான் இருந்தது.

கொழும்பு ஆட்கள் முதலில் எழுந்து போய் எடுத்தார்கள். பிறகு ஊர் ஆட்கள். வயல் வீட்டுப் பெண்கள் பின்னால் சுவரோரம் புதுச் சாரியோடு, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார்கள். யாராவது வந்து “வாங்க, சோறு வச்சிரிக்கி” என்று கையைப் பிடித்துக் கூப்பிட்டால்தான் எழும்புவார்கள். தானாகப் போய் வரிசையில் நின்று கோப்பையை நீட்டுகிறது அவர்களுக்குப் பிச்சை எடுக்கிறது மாதிரி. நடுவில் ராத்தாவும் சாம்பல் நிறச் சாரியோடு குந்தியிருந்தார். முன்னால் சோபா போட்டு வைத்திருந்தேன். பார்க்கவே இல்லை.

நான் தட்டங்களைப் பார்த்தபோது சோற்றுத் தட்டத்தின் அடி தெரிந்தது. இறைச்சித் தட்டத்தில் எண்ணெய் மட்டும். ஹோட்டல் மேலாளர், கோட்டுப் போட்ட ஒரு தம்பி, அப்போதுதான் பக்கத்தால் போனான். நான் கையைக் காட்டிக் கூப்பிட்டு, அவசரமில்லாமல் சொன்னேன்.

“தம்பி, பொம்புளைகள்ற பக்கம் சோறு நிறைஞ்சிட்டு.”

அவன் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தான். “ரொம்ப சந்தோசம் மேடம்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

இனிப் பெரிய கிடாரங்கள் வரும் என்று நான் நின்றேன். கொஞ்ச நேரம் ஆனது. அதற்கு மேலும் ஆனது. வெள்ளை உடுப்புக்காரர்கள் வந்தார்கள், வெறும் தட்டங்களை எடுத்தார்கள், அவற்றின் இடத்தில் புடிங்கையும் பழத்தையும் வைத்தார்கள். பின்னால் ஒரு பிள்ளை அழுதது.

ராத்தா எழுந்து என்னிடம் வந்தார். என் காதுக்குள் சொன்னார்.

“உன்ட ஆக்கள் பசியில இரிக்காங்க புள்ள.”

“செல்லிட்டன் ராத்தா. இப்ப வரும்.”

“ஆருக்கிட்டச் செல்லினாய்?”

“அந்தக் கோட்டுத் தம்பிக்கிட்ட.”

“என்னெண்டு செல்லினாய்?”

“சோறு நிறைஞ்சிட்டு எண்டு.”

ராத்தா முந்தானையால் வாயைப் பொத்தினார். தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“அடி பாவி, கொழும்பானுக்கு நிறைஞ்சிட்டு எண்டா நிறைஞ்சிட்டுத்தான்! அவன் போய் அடுப்ப நூத்திருப்பான்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாப்பா நெல் அடிக்கிற களவெட்டியில் ‘இல்லை’, ‘முடிந்தது’ என்ற வார்த்தைகளை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. சூடு அடித்துக் கடைசி மூட்டையும் கட்டி, தரையில் ஒரு மணி நெல் இல்லாவிட்டாலும் பொலிந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். அது வீட்டுக்குள்ளும் வந்தது. அரிசிப் பானையில் கை விட்டு அடி தட்டினால் ‘அரிசி நிறைஞ்சிட்டு.’ உப்புத் தீர்ந்தாலும் எண்ணெய் தீர்ந்தாலும் அதே பேச்சு. இல்லை என்று சொன்னால் பரக்கத், வீட்டுச் செழிப்பு, போய்விடும் என்று உம்மா உதட்டில் தட்டுவார். அறுபது வருடத்துக்கு மேல் அப்படிக் கதைத்த வாய். அந்தத் தம்பிக்கு அது எங்கே தெரியும்? வயிறும் தட்டமும் நிறைந்துவிட்டது, மேடம் சந்தோசப்படுகிறார் என்று போய்விட்டான்.

“ராத்தா, நீங்க போய் அவனுக்கு விளக்கமாச் செல்லுங்க.”

“அடுப்பு மூட்ட வேணாம் எண்டு ஊடு ஊடாச் செல்லினது ஆரு? நானா?”

“நான் எப்பிடி...”

“அந்த நாப்பது ஊட்டுலயும் இண்டைக்கு அடுப்பு எரியல்ல. நீ செல்லித்தான் எரியல்ல. போ. உன்ட வாயால இல்ல எண்டு செல்லு.”

அதில் சிரிப்பு இல்லை.

மேலாளரைத் தேடிப் போனேன். அவன் நின்றது சம்பந்தி அம்மா இருந்த மேசைக்குப் பக்கத்தில். வெளியே கூப்பிட்டுச் சொல்லலாம் என்று பார்த்தேன். அதற்கும் நேரமில்லை, பின்னால் இன்னொரு பிள்ளையும் அழத் தொடங்கியது.

“தம்பி, சோறு இல்ல. முடிஞ்சிட்டு. நான் கூப்பிட்ட ஆக்கள் பாதிப் பேருக்கு மேல திங்கல்ல.”

என் காதுக்கே என் குரல் அந்நியமாக இருந்தது. மேசையில் இருந்த கொழும்புப் பெண்கள் திரும்பினார்கள். அந்தத் தம்பியின் முகம் வெளிறிவிட்டது.

“மேடம், நீங்க ஃபுல் எண்டுதானே சொன்னீங்க? அடுப்பெல்லாம் நிறுத்தியாச்சு. இனி இருக்கிறது ராவைக்கு மாப்பிள்ளையின்ட ஃபிரெண்ட்ஸ் பார்ட்டிக்கு உள்ள சாமான்தான். பச்சையா இருக்கு.”

“அத ஆக்குங்க.”

“அப்ப ராவைக்கு?”

“ராவைக்கு ஒண்டும் இல்ல.” இரண்டாவது தடவை அந்த வார்த்தை கொஞ்சம் இலகுவாக வந்தது.

மேடையில் இருந்து மகள் கேட்டுவிட்டாள். இரவு விருந்து அவள் மாதக் கணக்காக யோசித்துச் செய்தது. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

“உம்மா, எல்லாரும் பாக்கிறாங்க. அவங்களுக்குப் பார்சல் எடுத்துக் குடுத்தாச் சரிதானே. என்ட கலியாணத்தக் கெடுக்காதீங்க.”

“அவங்க பார்சலுக்கு வரல்ல மகள், என்ட சொல்லுக்கு வந்தாங்க” என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளை நான் குறை சொல்ல முடியாது. இப்படிப்பட்ட கலியாணத்துக்கு அவளை வளர்த்தது நான்.

மண்டபத்தின் பின்பக்கம் வெட்டவெளி. ராத்தா வயல் வீட்டுப் பெண்களை அங்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஹோட்டல்காரர் ஐந்து பேர் செய்யப் பார்த்த வேலையை, நூறு பேருக்கு வயலில் ஆக்கிப் பழகிய பெண்கள் பத்துப் பேர் கையில் எடுத்தார்கள். புதுச் சாரியை இடுப்பில் சொருகிக்கொண்டு ஒருத்தி அரிசி களைந்தாள், ஒருத்தி இறைச்சி வெட்டினாள். கொழும்புச் சமையல்காரர் ஒருவர் கரண்டியோடு ஒதுங்கி நின்றார். “தள்ளுங்க காக்கா, நீங்க ஆடு அறுத்துப் பிரியாணி போடுற ஆள் மாதிரித் தெரியல்ல, பொம்ம கல்யாணத்துக்கு ஆக்கிற ஆள் மாதிரி இரிக்கீங்க” என்று ஒருத்தி சொல்ல, அந்த மனிதரும் சிரித்துவிட்டார்.

ராத்தா வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்தார். நானும் பக்கத்தில் குந்தினேன். காப்பு முழங்கை வரைக்கும் கிடந்தது, கத்தி பிடிக்க விடவில்லை. கழற்றி மடியில் போட்டேன்.

“இப்பதான் கை வெளிய வந்திரிக்கி” என்றார் ராத்தா.

“நாளைக்குத் திரும்பப் போடுவன்.”

“போடு. நான் வேணாம் எண்டு செல்லல்லையே.”

சோறு வெந்தது. கோப்பைகள் எல்லாம் அழுக்கு, கழுவி எடுக்கப் பொழுது போய்விடும். மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கச் சப்பாத்து, மணிக்கூடு, அத்தர் எல்லாம் அடுக்கிக் கண்ணாடித்தாள் சுற்றி வைத்த பெரிய தட்டுகள் இருபதுக்கு மேல் சுவரோரம் இருந்தன. நான்தான் முதல் தாளைக் கிழித்தேன். சப்பாத்தையும் மணிக்கூட்டையும் மேசையில் கொட்டிவிட்டுத் தட்டைக் கழுவச் சொன்னேன். கொழும்பில் சொல்லிச் செய்வித்த தட்டு, ஆறு பேருக்கு அளவான சஹனாக இருந்தது. விலையுயர்ந்த கம்பளத்தில் பாயை விரித்துப் பெண்கள் சுற்றிக் குந்தினார்கள். சம்பந்தி அம்மா தன் மேசையில் இருந்து எழுந்து வந்தார். நான் என்ன சொல்வாரோ என்று பார்த்தேன். “எனக்கும் ஒரு இடம் விடுங்க மச்சி, சஹன்ல திண்டு எத்தின வருசம்” என்று சொல்லி, ஐந்து பேர் இருந்த ஒரு தட்டில் ஆறாவது ஆளாகக் குந்திவிட்டார்.

ஒவ்வொரு தட்டாகப் போய்ப் பார்த்தேன். எல்லோரும் தின்கிறார்கள். வட்டானையின் பெண்சாதியை மட்டும் காணவில்லை.

“அவ எங்க?” என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்டேன்.

“அவ அப்பவே பேத்திமாரக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா. ‘நிறைஞ்சிட்டாம், எழும்புங்க’ எண்டா.”

நான் அந்தத் தம்பியிடம் சொன்னபோது அவள் பேத்தியோடு என் பக்கத்தால் போயிருக்கிறாள். அவனுக்கு விளங்காத வார்த்தை அவளுக்கு விளங்கிவிட்டது. அந்த மண்டபம் முழுவதிலும் என் வார்த்தையை நேரே கேட்டுச் சரியாக விளங்கியவள் அவள் ஒருத்திதான். விளங்கியதால்தான் பசியோடு போயிருக்கிறாள்.

ஒரு தட்டில் சோறு போடச் சொன்னேன். என் காரை வேறு கார்கள் மறித்து நின்றன. ராத்தா வந்த ஓட்டோ வாசலில் நின்றது. கலியாணச் சாரியோடு, மடியில் சூடான தட்டோடு ஏறினேன். ராத்தா பார்த்துக்கொண்டு நின்றார், கூட வருகிறேன் என்று சொல்லவில்லை.

வழியில் ராத்தாவைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். அவரைப் போல என்னால் இருக்க முடியாது. எனக்கு நல்ல சாரி வேண்டும், குளிர்காற்று வேண்டும். கொடுப்பதில் நானும் குறைந்தவள் இல்லை. ஆனால் என் வாசலுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டுதான் வருகிறார்கள். ராத்தாவின் வீட்டில் கூரையே அவ்வளவு உயரமில்லை, யாருக்கும் கழுத்து வலிக்காது.

வட்டானையின் வீடு ஊருக்கு மேற்கே, வயலோரம். அவள் குசினி வாசலில் குந்திச் சட்டி கழுவிக்கொண்டு இருந்தாள். புதுச் சாரியை மாற்றிவிட்டாள். உள்ளே அடுப்பில் தணல் கிடந்தது. நான் இறங்கியதைப் பார்த்துக் கையைத் துடைத்தாள், தட்டைப் பார்க்கவில்லை.

“என்ன, பொண்ட உம்மா கலியாணத்த விட்டுட்டு ஓடி வந்திரிக்கிறீங்க?”

“நீ ஏன் செல்லாமப் போனாய்?”

“ஆருக்கிட்டச் செல்ற? நிறைஞ்சிட்டு எண்டு ஒங்கட வாயால கேட்டாப் புறகு, போடியார் மகள்ற முகத்தப் பாத்துக்கிட்டு அங்க குந்திரிக்க ஏலுமா? இல்ல எண்டு ஒங்கள நான் செல்ல வைக்கவா?”

“செல்லிட்டன். எல்லாருக்கும் முன்னால செல்லிட்டன்.”

அவள் அதற்குத்தான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

“ஆருக்கு?”

“கோட்டுக்காரனுக்கு. சம்மந்திக்கு முன்னால. திரும்ப ஆக்கினது. எல்லாரும் தின்னுறாங்க. நீ மட்டும்தான் இல்ல.”

“புள்ளைகள் திண்டுட்டாங்க. கருவாட்டு ஆணமும் சோறும். எடுத்துட்டுப் போங்க அத.”

வாசலில் பேத்திமார் நான்கு பேர் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் பார்த்த பார்வையில் தின்றவர்கள் மாதிரித் தெரியவில்லை. ஆனாலும் அவள் சொன்னால் சொன்னதுதான். எனக்கு அந்தக் குணம் தெரியும், என்னிடமும் அதுதான் இருக்கிறது.

“நான் விடியத் தொட்டு ஒண்டும் திங்கல்ல” என்றேன். அது உண்மை. “சஹன்ல ஒருத்தி தனியக் குந்தித் தின்னுறத நீ எங்கயாவது கண்டிரிக்கியா?”

அவள் கழுவிய சட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

“பிழை என்டதான். பொறுத்துக்க” என்றேன். அந்த வார்த்தையை நான் வயல் ஆட்களில் யாரிடமும் சொன்னதில்லை. சொன்ன பிறகு பெரிய பாரம் இறங்கியது என்றெல்லாம் எழுத மாட்டேன். தட்டைக் கீழே வைத்தேன், அவ்வளவுதான்.

அவள் எழுந்து உள்ளே போய் ஒரு பாயோடு வந்தாள்.

“குந்து புள்ள. சாரி மண்ணாப் போகும், இந்தப் பக்கம் குந்து.”

நாற்பது வருடத்துக்கு மேலாக என்னை நீங்கள் என்று கதைத்தவள். அது அவளுக்குத் தெரியாமல் வந்ததா, தெரிந்து வந்ததா என்று நான் கேட்கவில்லை. குந்தினேன். அவளுடைய கருவாட்டு ஆணத்தையும் கொண்டு வந்து தட்டின் ஒரு பக்கத்தில் ஊற்றினாள். அவள், நான், பேத்திமார் நான்கு பேர், எண்ணினால் சரியாக ஆறு. பிள்ளைகள் இறைச்சியைத் தேடித் தேடி எடுத்தார்கள். நான் கருவாட்டைத்தான் எடுத்தேன், அன்றைக்கு அது எனக்கு ருசித்தது.

“இறைச்சி பரவாயில்ல” என்றாள் அவள். “கொழும்பான் ஆக்கினதா?”

“நம்மட வயல் பொம்புளைகள்.”

“அதானே பாத்தன்.”

கை கழுவிவிட்டு எழும்பும்போது சொன்னேன்.

“வெள்ளிக்கிழம மகள்ற ஊட்டுக்கு வா. நான் ஆக்கிறன். கோட்டுக்காரன் ஒருத்தனும் இல்ல.”

“எத்தின பேருக்கு ஆக்குவீங்க?” ‘நீங்கள்’ திரும்பி வந்துவிட்டது. ஆனால் கண்ணில் ஒரு சிரிப்பு இருந்தது.

“ஊட்டோட.”

“ஊட்டோட எண்டா நாங்க ஏழு பேர்.”

“ஏழு பேரும் வாங்க.”

வெள்ளிக்கிழமை அவர்கள் எட்டுப் பேராக வந்தார்கள்.